செந்தூரா கிலோ நாற்பது

செந்தூரா கிலோ நாற்பது, பெங்களூரா மூணு கிலோ நூறு.
காலை ஏழு மணிக்குப் பழையபேட்டையை எழுப்பும்
என் டெம்போவின் குரல் யாருடையது என்று
ஒருவரும் கேட்டதில்லை.
பழத்தின் காம்பை முகரவே நேரம் சரியாக இருக்கிறது.
நானாகத்தான் சொல்வேன்:
பர்கூர் சென்னம்மாள்.
மீதிச் சில்லறைக்குக் கை நீட்டுவார்கள்.

பதினாறில் மேடை ஏறியவள்.
மைக் இருந்தது, ஒன்றே ஒன்று,
அது ராஜா வேஷத்துக்கு.
ராணிகள் தள்ளி நின்று அழவேண்டும்.
செத்த பிள்ளையை மடியில் போட்டு
அவள் எடுத்த குரலில்
கடைசி வரிசைக்கும் பின்னால் பொரி விற்றவன்
படியைக் கீழே வைத்துவிட்டானாம்.
அவளே சொன்னது. பாதி நம்பலாம்.

சினிமாவில் அவள் பெயர் ஹேமலேகா.
இருபத்தாறு வயதில் அம்மா வேஷம்.
மகனுக்கு வயது நாற்பத்தொன்று.
காதோரம் வெள்ளை தடவிக்கொண்டு
சோறு போட்டாள், விளக்கு ஏற்றினாள்,
இடைவேளைக்குச் சற்று முன்னால்
குண்டடி பட்டோ இருமியோ செத்தாள்.
நாற்பத்து மூன்று படம்.
ஒன்றில்கூட அவள் குரல் கிடையாது.
'களி ஒட்டின தமிழ்' என்றானாம் ஒலிப்பதிவுக்காரன்,
'பாதி தெலுங்கு, மீதி சந்தைக்கடை.'

அவளுக்குப் பேசியவளை ஒருநாள்
ஸ்டூடியோ தாழ்வாரத்தில் பார்த்திருக்கிறாள்.
ஒல்லியான பெண், கையில் ஃபிளாஸ்க்.
'நீங்கதானா என் முகம்?' என்று கேட்டுவிட்டு
அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாளாம்:
'அக்கா, சாகிறப்போ வாயைக் கொஞ்சம் கம்மியா அசைங்க,
பொருத்த முடியலே.'
அடுத்த படத்திலிருந்து
உதட்டை மூடிக்கொண்டே செத்தாள் சென்னம்மாள்.
டைரக்டர் பாராட்டினாராம், எவ்வளவு அடக்கம் என்று.

நான் பார்த்தபோது
கூழ் ஃபேக்டரியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்,
முழங்கைவரை மஞ்சள்.
என் பெண்டாட்டி வெட்கப்பட்டு மென்று விழுங்கியதை
நாலாவது தடவையாக போனில் பிடித்துக்கொண்டிருந்தேன்.
'தள்ளு திம்மராயா' என்று பிடுங்கிக்கொண்டாள்.
பேசவில்லை. கேட்டாள்:
'யார்கிட்ட சொல்றேன் நான்?
காசு இருக்கிறவகிட்டயா, இல்லாதவகிட்டயா?'
'வாங்குறவங்ககிட்ட' என்றேன்.
'வாங்குறவளுக்கு எதுக்குடா குரல்?
வாசல்ல நின்னு பார்த்துட்டு உள்ள போறாளே,
அவகிட்ட சொல்றேன்.'

ஒரே டேக்.
செந்தூரா என்பதில் அந்த 'தூ' கொஞ்சம் நீண்டு
கோட்டை மலையில் முட்டித் திரும்பியதுபோல் இருந்தது.
கூலி ரெண்டு கிலோ மல்கோவா.
வவுச்சரில் கையெழுத்து வாங்கு என்று அடம்பிடித்தாள்.
பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் வாங்கினேன்:
ப. சென்னம்மாள், குரல்.

ஆடியில், சீசன் முடிந்த வாரம், போனாள்.
யாரோ ஒரு பையன் செல்போனில்
அவள் நடித்த படத்தைத் தேடி எடுத்து
தலைமாட்டில் வைத்தான்.
மகனே மகனே என்று
இன்னொருத்தி அழுதாள் அதில்.
அக்கம்பக்கத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.
நான் வெளியே போய்
டெம்போவின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் காய்ப்புக் குறைவு.
மண்டியிலேயே ஐம்பத்திரண்டுக்குத்தான் எடுக்கிறேன்.
அறுபது என்கிறேன் நான்.
ஒலிபெருக்கி நாற்பது என்கிறது.
'அந்தம்மா நாற்பதுங்குதே?' என்று
முறத்தோடு நிற்கிறார்கள்.
என்னையும் பார்க்கிறார்கள், குழாயையும் பார்க்கிறார்கள்,
அவள் சொல்வதைத்தான் நம்புகிறார்கள்.

வேறு குரல் பதிந்துகொள் என்கிறாள் பெண்டாட்டி.
இப்போது அவளுக்கு வெட்கம் போய்விட்டது, நன்றாகவே பேசுவாள்.
சரி சரி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறேன்.
பெங்களூராவில் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கிறேன்.
செந்தூராவில் கிலோவுக்குப் பன்னிரண்டு நஷ்டம்.